முக்கால்வாசி

மணலேந்தலுக்குக் கணக்கெடுக்க
என்னைப் போட்டிருந்தார்கள்.
ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் நான்.
மே மாதம். கையில் அட்டை, தலையில் துண்டு.

ஓர் ஊர் நகரமாக மூன்று நிபந்தனை என்று
ராமநாதபுரத்துப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
ஐயாயிரம் தலை.
சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர்.
வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசி
வயலை விட்டிருக்க வேண்டும்.

விட்டார்களா, வயல் அவர்களை விட்டதா
என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

முதல் வீடு செய்யது இபுறாகீம் வீடு.
மூன்று மாடி, நான்கு குளியலறை,
திறந்து பார்த்தேன், குழாயில் காற்று.
கட்டியவர் ஷார்ஜாவில்.
அவரை இங்கே எழுதக் கூடாது.
தரையில் டைல்ஸ் பதிக்கும் ஜார்கண்டுப் பையன்
ஆறு மாதமாக மாடிப்படியடியில் படுக்கிறான்.
அவனை எழுத வேண்டும்.
சுக்ராம் ஓராவோன்.
கால் புள்ளி எங்கே வைப்பது என்று
இருவருக்கும் தெரியவில்லை.

அடுத்து எட்டு வீடு பூட்டு.
எதிர்வீட்டில் விசாரித்தேன்:
திருப்பூர், திருப்பூர், அம்பத்தூரில் பரோட்டாக் கடை,
திருப்பூர், குவைத், 'அவுக எங்கேன்னு தெரியலை',
திருப்பூர், திருப்பூர்.
அங்கே ஏதோ ஒரு தெரு
இந்தப் பூட்டுகளின் அளவுக்கு
நீண்டிருக்கும்.

முனியசாமி கரிமூட்டம் போடுகிறார்.
வெட்டுவது சீமைக்கருவேலம்.
வெட்டுகிற இடம் அவருடைய சொந்த வயல்.
சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.
'கரி உற்பத்தியா? தொழில்னு போடுங்க மேடம்.'
அப்பன் நெல் போட்ட அதே பாத்தியில் நின்றபடி
முனியசாமி
நகரவாசி ஆனார்.
புகைக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு
'காசு ஏதும் வருமா?' என்றார்.

நம்புத்தாய் கரையேறும்வரை காத்திருந்தேன்.
விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசல் சுற்றி
தீவோரம் முங்கிப் பாசி பறித்துவிட்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தாள்.
அவளுடைய வேலையையும் எழுதினேன்,
முத்து முத்தாக எழுதினேன்.
ஆனால் அந்த முக்கால்வாசியில்
ஆண்களுக்கு மட்டும்தான் இடம்.
அவள் கேட்டாள்:
'டவுன் ஆயிட்டா நூறு நாள் வேலை போயிருமாமே?'
எனக்குத் தெரியாது என்றேன்.
'வீட்டு வரி?'
அது தெரியும்.
ஏற்கெனவே விற்கிறார்கள்,
கண்மாய்க் கரையோரம் சிவப்புக் கொடி நட்டு,
'கடல் பார்த்த மனைகள்' என்று.

ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
எழுபத்தைந்துக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது.
காலையில் மறுபடி அழகுவேல் வீடு.
அரை ஏக்கர் முண்டு மிளகாய் அவருக்கு,
ரயில்வே கேட்டருகே டீக்கடையும்.

'எது உங்க முதல் வேலை?'

சிரித்தார். 'மழையைக் கேளுங்க டீச்சர்.
பெய்ஞ்சா மிளகாய்.
பெய்யாட்டி டீ.
மூணு வருசமா டீதான்.'

கார்த்திகையில் வந்திருந்தால் இது கிராமம்.
சித்திரை வெயிலில் வந்துவிட்டேன்.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.
பாலம் தாண்டிய ரயில்
எங்கோ நிற்காமல் போகிற சத்தம்.

அப்போதுதான் தண்ணீர் லாரி ஆரன் அடித்தது.

எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும் ஓடினார்கள்.
முனியசாமியின் கரிக் கை, நம்புத்தாயின் உப்புக் கை,
இரண்டு குடத்தோடு சுக்ராம்,
பாலைப் பொங்கவிட்டுவிட்டு அழகுவேல்.
ஒரு லாரியைச் சுற்றி
ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்.

நெருக்கத்தை யாரும்
அளந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நானும் போய் நின்றேன்.
என்னிடம் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது.